வாக்கரோட தராசு

1899-ல பருவமழை பொய்த்து இந்தியாவுல பெரும் பஞ்சம். முன்கூட்டியே கணிச்சிருக்க முடியாதா? 1904-ல வானிலைத் துறைத் தலைவரா வந்த கில்பர்ட் வாக்கர் கணித ஆள். வானிலை படிச்சவர் இல்ல. உலகம் முழுக்க இருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை அளவுகளைத் திரட்டி, ஆட்களை வைத்துக் கையாலேயே கோரிலேஷன் போட்டார். (நாம ஒரு வரி கோடுல முடிக்கிற வேலை!)

பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குது, தராசுத் தட்டு மாதிரி. ‘தெற்கு அலைவு’ன்னு பேர் வச்சார். ஏன் அப்படின்னு கேட்டா பதில் இல்ல. காரணம் தெரியாத கணக்கை எப்படி நம்புறதுன்னு சந்தேகப்பட்டாங்க. நியாயமான சந்தேகம்தான்; அவர் கண்ட சில தொடர்புகள் பின்னாடி வலுவிழந்தன. தராசு மட்டும் நிலைச்சது.

1969-ல யாக்கோப் பியர்க்னஸ் அதை எல் நினோவோட, பசிபிக் கடல் சூட்டோட இணைச்சு விளக்கினார். வாக்கர் இறந்து அப்போ 11 வருஷம். அந்தக் காற்றோட்டத்துக்கு பியர்க்னஸ் வச்ச பேரு, வாக்கர் சுழற்சி.