சுவரில் பூத்த ஜப்பான்

ஐந்தருவி போற வழியில ஒரு கடை. சுவர்ல மாட்டுற பீங்கான் பூ, கையால செஞ்சது. பார்த்ததும் செட்டிநாட்டு வீடுகள்தான் ஞாபகம் வந்துச்சு.

அங்கே சுவர் டைல்ஸில் ரோஜா புடைத்து நிற்கும். தடவினால் இதழ் விரலில் தட்டுப்படும். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1914இல் உலகப் போர் தொடங்கியதும் வரத்து குறைந்தது, ஜப்பான் அந்தச் சந்தையைப் பிடித்தது. டைல் அச்சில் அழுத்தியது; வண்ணம் மட்டும் கைவேலை. பள்ளத்தில் வண்ணம் தேங்கி அடர்த்தியாகும், மேட்டில் வெளிறும். பூவுக்கு நிழல் வந்தது அப்படித்தான்.

இன்னிக்கு வீடு இடிஞ்சா, டைல்ஸ் காரைக்குடி பழம்பொருள் கடைக்கு வருது. திருப்பிப் பாருங்க, பலதில் 'மேட் இன் ஜப்பான்'னு இருக்கும். எந்த வீட்டுச் சுவர்னு இருக்காது. வாங்கினா, அதைக் கேட்டு எழுதி வெச்சுக்குங்க.