களி உருண்டையும் கணக்கு நோட்டும்

மே மாதக் கடைசியில் பென்னாகரம் தாலுகாவின் நாகமரைப் பக்கம் போனால், மேட்டூர் அணையின் தண்ணீர் பின்வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். எதிர்க்கரை பண்ணவாடி. தண்ணி ரொம்ப இறங்கின வருஷங்களில் மூழ்கிக் கிடந்த நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வரும், பேப்பரில் படம் போடுவார்கள். நீருக்கு மேலே தெரிவதைப் படம் எடுக்கலாம். நீருக்குள் என்ன மாறியது என்பதை மீன் பிடிக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கோடை முற்றும்போது மீன் இடம் மாறும். இதற்குப் பின்னால் இருப்பது எளிய வேதியியல். 20 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். வெயில் ஏற ஏற மீன் கரையோரத்தை விட்டு ஆழத்துக்குப் போகும், ஆறாக இருந்தால் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நுரைத்து ஓடும் இடத்தைத் தேடும். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும்தான் இரை தேட வெளியே வரும். அமெரிக்க ஏரிகளில் ஆகஸ்ட் மாதம் பாஸ் மீன் தேடுகிறவர்கள் படிப்பதும் இதே பாடம்தான். ஆனால் நம் ஆற்றில் கோடைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஓட்டம் குறைந்து ஆறு தனித்தனி மடுக்களாகச் சுருங்கும்போது, பெரிய மீன்கள் எல்லாம் சில இடங்களில் ஒடுங்கிவிடும். தூண்டில்காரருக்கு அது வசதி. வெடி வைக்கிறவருக்கு அதைவிட வசதி.

மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. நிரம்பினால் 120 அடி, 93.47 டிஎம்சி, 153 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. ஓடிக்கொண்டிருந்த ஆறு இந்த இடத்தில் ஏரியாகிவிட்டது. கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த உல்லம் மீனுக்கு வழி அடைபட்டது. ஏரிக்கு ஏற்ற மீன் வேண்டுமென்று கட்லா போன்ற வடக்கத்தி மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1952-இல் இந்தியாவுக்குள் வந்த திலேப்பியா, நம் ஊரில் ஜிலேபி என்று பெயர் வாங்கிக்கொண்டு எல்லா நீர்நிலைகளிலும் பரவியது. ஒவ்வொரு முறையும் நோக்கம் நல்லதுதான்: ஜனங்களுக்கு மலிவான புரதம் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்டது எத்தனை கிலோ என்ற கேள்வி மட்டுமே.

அணைக்கு மேலே, ஒகேனக்கல்லைத் தாண்டி கர்நாடக எல்லையை ஒட்டி ஓடும் காவிரியில் கதை வேறு. அங்கே இருந்தது மாசீர். தமிழில் யானைக்கெண்டை, கன்னடத்தில் பிலி மீனு. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடி பற்றி ஒரு புத்தகமே எழுதினார், மாசீர்தான் அதன் நாயகன். 1946 மார்ச் மாதம் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினியில் பிடித்த மீனின் எடை 120 பவுண்டு, கிட்டத்தட்ட 54 கிலோ. இதற்கெல்லாம் என்ன தூண்டில் இரை என்று நினைக்கிறீர்கள்? காவிரியில் பேர்போன இரை ராகி மாவு உருண்டை. தர்மபுரி வீடுகளில் நாம் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் அதே களியின் மாவுதான். ஏறிப் போக நம் பரிசல். வெளிநாட்டு ரீலும் கம்பும் மட்டும்தான் வெளியிலிருந்து வந்தவை.

சுதந்திரத்துக்குப் பிறகு பலரும் இந்த மீன் தீர்ந்துவிட்டது என்றே நம்பினார்கள். 1970களின் கடைசியில் மூன்று ஆங்கிலேயர்கள் தேடி வந்து, காவிரியில் அது இன்னும் இருப்பதைக் காட்டினார்கள். அதன்பின் கர்நாடகப் பக்கம் முகாம்கள் வந்தன. பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, திரும்பவும் ஆற்றிலேயே விட வேண்டும் என்பது விதி. உள்ளூர் ஆட்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலைக்கு வந்தார்கள். கலிபோரே முகாமில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன கிடைத்தது என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரம், 6,161 மீன்கள்.

மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த நோட்டு ரொம்பப் பரிச்சயமான ஒரு பயத்தைக் கொடுக்கும். மொத்தத்தை மட்டும் டேஷ்போர்டில் போட்டால் கோடு மேலே போகிறது: வருஷத்துக்கு வருஷம் மணிக்குக் கிடைக்கும் மீன் கூடுகிறது. பாதுகாப்பு வெற்றி என்று ஸ்லைடு போட்டுவிடலாம். ஏட்ரியன் பின்டர், ராஜீவ் ராகவன் போன்ற ஆய்வாளர்கள் அதே நோட்டை மீன் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கூடியது நீலத் துடுப்பு மாசீர். அது காவிரியில் இந்த நீட்சியின் சொந்த மீன் அல்ல. மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனத்தின் பண்ணையில் குஞ்சு பொரித்து, மாசீரைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தோடு ஆற்றில் விடப்பட்டது. முதுகில் திமில் ஏறிய, ஆரஞ்சுத் துடுப்பு கொண்ட பழைய யானைக்கெண்டை அதே வருஷங்களில் சரிந்துகொண்டே போனது. வெடி, அணை, மணல் என்று மற்ற காரணங்களும் உண்டு, பழியை ஒன்றின் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் சரிவை மறைத்தது அந்த மொத்தக் கூட்டல்.

இன்னொரு சங்கடம். உலகம் முழுக்கப் பேசப்பட்ட இந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயரே இல்லாமல் இருந்தது. பெயர் இல்லாத உயிரை அழிவுப் பட்டியலில் சேர்க்க முடியாது. பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலனும் இருந்த ஆய்வுக்குழு, 2018-இல் மரபணுவை ஒப்பிட்டு, அமராவதியின் தலைப்பகுதியான கேரளத்துப் பாம்பாற்றின் சிறிய மீன்களை வைத்து முன்பே விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியும் இதுவும் ஒன்றே என்று நிறுவியது. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் விஞ்ஞானி ரெமாதேவியின் பெயர் அது. அதே வருஷம் அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. இப்போது மிச்சம் இருப்பதாக உறுதியாகத் தெரிகிற இடங்களில் முக்கியமானது மோயாறு.

வன உயிரினச் சட்டத்தைக் காட்டி 2012 வாக்கில் தூண்டில் முகாம்கள் நிறுத்தப்பட்டன. காட்டுக்குள் பொழுதுபோக்குக்காக ஒரு உயிரைக் கொக்கியில் மாட்டுவது சரியா என்பது நியாயமான கேள்வி. ஆனால் முகாமோடு அந்த நோட்டும் நின்றுபோனது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. யானைக்கும் சிறுத்தைக்கும் அது பெரிய விஷயம். யானைக்கெண்டைக்கு அது பயன்பட வேண்டுமென்றால், மடுக்கள் சுருங்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றில் ஆள் இருக்க வேண்டும், வந்த மீன் எது என்று பார்த்து எழுத வேண்டும்.

அதற்கு ஆட்களை வெளியே தேட வேண்டியதில்லை. ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுகிறவர்களும் நாகமரையில் வலை வீசுகிறவர்களும் துடுப்பின் நிறத்தைப் பார்த்தே மீனைச் சொல்லிவிடுவார்கள். தராசில் ஏறுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, எடைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு எழுதினால் போதும்: எந்த மீன்?