ஆம்ப் ஒலியை வீட்டுக் கணினியில் பதிவு செய்வது எப்படி?

மின்சாரக் கிட்டார் வாசிக்கும் இளையோர், சொந்தப் பாடலை வீட்டிலேயே பதிவு செய்ய இன்று ஒரு கணினி, ஒரு மைக், ஒரு சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். ஆனால், ஆம்ப்பின் பின்புறம் உள்ள துளைகளில் எது எதற்கு என்று தெரியாமல் கேபிளைச் செருகினால், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் ஒரு நொடியில் பழுதாகிவிடலாம். பதிவைத் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

செய்யவே கூடாதது

'ஸ்பீக்கர் அவுட்' என்று குறிக்கப்பட்ட துளையைக் கணினியுடனோ இன்டர்ஃபேஸுடனோ இணைக்கக் கூடாது. 50 வாட் ஆம்ப் ஒன்று, முழுத் திறனில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வோல்ட் வரை அனுப்பும். கணினியின் ஒலி உள்ளீடு தாங்குவதோ ஏறக்குறைய 1 வோல்ட்தான்.

வால்வு ஆம்ப் வைத்திருப்போர் மேலும் கவனமாக இருக்க வேண்டும். சத்தம் வேண்டாம் என்று ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தால், உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப் போகக்கூடும். ஸ்பீக்கர் இல்லாமல் இயக்க, அதற்கென்றே விற்கப்படும் 'லோட் பாக்ஸ்' கருவி தேவை.

மைக் ஏன் வேண்டும்?

ஆம்ப் ஒலியின் குணத்தில் ஸ்பீக்கருக்குப் பெரும்பங்கு உண்டு. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர், சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலிகளைப் பெருமளவு குறைத்துவிடும். டிஸ்டார்ஷன் ஒலி ஸ்பீக்கர் வழியாக வராமல் நேரே கணினிக்குச் சென்றால், தேனீக் கூட்டம் போல் இரைவது இதனால்தான். எனவே, ஸ்பீக்கர் முன் மைக் வைப்பதே பழைய, நம்பகமான வழி.

இதற்கு டைனமிக் வகை மைக் ஏற்றது. 1965இல் வெளிவந்த ஷுர் எஸ்எம்57 இன்றும் மேடைகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இந்த வேலைக்குப் பயன்படுகிறது. இவ்வகை மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கத் தேவையில்லை. எக்ஸ்எல்ஆர் கேபிள் மூலம் மைக்கை இன்டர்ஃபேஸுடன் இணைத்து, இன்டர்ஃபேஸை யுஎஸ்பி வழியாகக் கணினியில் செருக வேண்டும். கணினியிலேயே உள்ள சிறிய மைக் துளை இதற்கு உகந்ததல்ல.

இடம்தான் முக்கியம்

ஆம்ப்பின் முன்துணி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பீக்கரின் நடுவில் உள்ள வட்ட மூடி தெரியும். மைக்கைத் துணியிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் தூரத்தில், அந்த மூடியின் விளிம்பை நோக்கி வைத்துத் தொடங்கலாம். நடுவுக்கு நகர்த்தினால் ஒலி கூர்மையாகும். ஓரத்துக்கு நகர்த்தினால் தடிப்பாகும். ஓர் அங்குலம் நகர்த்தினாலே வேறுபாடு காதில் விழும். நான்கைந்து இடங்களில் தலா 30 விநாடி வாசித்துப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். விலை உயர்ந்த மைக்கைத் தேடுவதைவிட, இந்த அரை மணி நேரம் அதிகப் பலன் தரும்.

கணினியில் கவனிக்க வேண்டியவை

ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். மேக் கணினியில் கராஜ்பேண்ட் இலவசமாகக் கிடைக்கும். பதிவை 24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். மிகச் சத்தமாக வாசிக்கும்போதும் அளவுமானி மைனஸ் 12 டெசிபலைச் சுற்றியே நிற்கட்டும். 0 டெசிபலைத் தாண்டி உடைந்த ஒலியைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

வாசித்த சுரம் ஹெட்போனில் தாமதமாகக் கேட்டால், மென்பொருளில் 'பஃபர்' அளவைக் குறைக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 என்றால் 23 மில்லிவிநாடி; 128 என்றால் 3 மில்லிவிநாடிக்கும் குறைவு. இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

இரைச்சலும் அண்டை வீட்டாரும்

மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தாலும், ஸ்பீக்கருக்கு மிக அருகில் உள்ள மைக்கில் அது குறைவாகவே பதியும். 'உம்' என்ற இரைச்சல் வந்தால் ஆம்ப்பையும் கணினியையும் ஒரே இணைப்புப் பலகையில் செருகி, கிட்டாரைத் திரையிலிருந்து விலக்கிப் பாருங்கள். இரைச்சலை நிறுத்துவதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

அடுக்குமாடி வீடுகளில் இரவில் ஆம்ப்பைச் சத்தமாக வைக்க இயலாது. அப்போது கிட்டாரை இன்டர்ஃபேஸின் 'இன்ஸ்ட்ருமென்ட்' துளையில் நேரே செருகி, ஆம்ப், ஸ்பீக்கர் ஒலியை மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். வாசிப்பு தனியாகப் பதிவாகியிருப்பதால், ஒலியைப் பின்னர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

பதிவு முடிந்ததும் கோப்பை 'வேவ்' வடிவில் சேமித்து, வேறொரு வன்தட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். நல்ல வாசிப்பு மறுபடி அதேபோல் அமையும் என்று சொல்ல முடியாது.