அதே நாளில் வேறு விமானத்துக்கு மாறுவது எப்படி? கட்டணம், உரிமை, நடைமுறை: முழு விவரம்

புதுதில்லி: மாலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்த பயணியின் அலுவல் நண்பகலிலேயே முடிந்துவிடலாம். வீட்டிலிருந்து வந்த அவசரச் செய்தியால் முந்தைய விமானத்திலேயே புறப்பட வேண்டியிருக்கலாம். நிறுவனமே விமானத்தைத் தாமதப்படுத்தலாம் அல்லது ரத்து செய்யலாம். இந்த மூன்று நிலைகளிலும் பயணி முன்வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: இன்றே வேறு விமானத்தில் இடம் வேண்டும்.

ஆனால், விதிகளின் பார்வையில் இவை ஒன்றல்ல. பயணி தன் வசதிக்காக மாற்றம் கேட்டால் அது டிக்கெட்டின் நிபந்தனைகளுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டது. நிறுவனத்தின் அட்டவணை மாறியதால் கேட்டால் அது பயணியின் உரிமை. இந்த வேறுபாட்டை அறியாமல், இலவசமாகக் கிடைக்க வேண்டிய மாற்றத்துக்குப் பணம் செலுத்துவோர் உண்டு. உரிமை இல்லாத இடத்தில் வாதிட்டு நேரத்தையும் விமானத்தையும் இழப்போரும் உண்டு.

ரயிலைப் போன்றதல்ல

ரயில் பயணத்தில் காத்திருப்போர் பட்டியலும் ஆர்ஏசி முறையும் பழக்கமானவை. முன்பதிவில்லா டிக்கெட் இருந்தால் அடுத்த ரயிலின் பொதுப் பெட்டியில் ஏறிவிடலாம். உள்நாட்டு விமான டிக்கெட் அப்படிப்பட்டதல்ல. அது குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட எண்ணுள்ள விமானத்தில், குறிப்பிட்ட கட்டண வகையில் விற்கப்பட்ட ஓர் இடம். அடுத்த விமானத்தில் இருக்கை காலியாக இருந்தாலும் அதில் அமரும் உரிமை தானாக வந்துவிடாது.

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் அதே நாள் மாற்றம் என்பது தனிச் சேவையாகவே உள்ளது. உறுதி செய்யப்பட்ட மாற்றம், இடம் காலியானால் ஏற்றிக்கொள்ளும் காத்திருப்பு என அதில் இரு வகைகள் உண்டு. இந்தியாவில் உள்நாட்டுப் பயணங்களுக்குப் பொதுவாக வழக்கமான டிக்கெட் மாற்ற விதிகளே பொருந்துகின்றன. மாற்றத்தை எளிதாக்கும் 'ஃபிளெக்ஸி' வகை டிக்கெட்டுகளைச் சற்றுக் கூடுதல் விலையில் நிறுவனங்கள் விற்கின்றன. அந்த டிக்கெட்டிலும் மாற்றக் கட்டணம் குறையலாம் அல்லது நீங்கலாமே தவிர, கட்டண வேறுபாடு பெரும்பாலும் நீங்குவதில்லை.

எவ்வளவு செலவாகும்?

பயணியின் விருப்பத்தால் செய்யப்படும் மாற்றத்துக்கு இரண்டு தொகைகள் சேர்ந்து வசூலிக்கப்படுகின்றன. முதலாவது, மாற்றக் கட்டணம். இரண்டாவது, பழைய டிக்கெட்டின் விலைக்கும் புதிய விமானத்தின் அப்போதைய விலைக்கும் உள்ள வேறுபாடு. புறப்பாட்டு நேரம் நெருங்க நெருங்கக் குறைந்த விலை இருக்கைகள் தீர்ந்துவிடுவதால், இரண்டாவது தொகையே பெரும்பாலும் அதிகமாக இருக்கும். புதிய விமானத்தின் விலை குறைவாக இருந்தால் மீதித் தொகை பொதுவாகத் திருப்பித் தரப்படுவதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 5,500 ரூபாய்க்கு டிக்கெட் வாங்கியுள்ளார், மாற்றக் கட்டணம் 3,000 ரூபாய் எனக் கொள்வோம். அவர் விரும்பும் முந்தைய விமானத்தின் விலை 9,000 ரூபாய் என்றால், 3,000 ரூபாயுடன் வேறுபாடான 3,500 ரூபாயும் சேர்த்து 6,500 ரூபாய் செலுத்த வேண்டும். புதிய டிக்கெட் வாங்குவதைவிட இது லாபம். மாறாக, புதிய விமானத்தின் விலை 6,000 ரூபாய் மட்டுமே என்றால் மாற்றத்துக்கு 3,500 ரூபாய் போதும். பழைய டிக்கெட் 3,200 ரூபாய்க்கு வாங்கியது, புதிய விமானத்தின் விலை 4,000 ரூபாய் என்றால் கணக்கு வேறு. மாற்றத்துக்கு 3,800 ரூபாய் ஆகும். புதிய டிக்கெட்டுக்கு 4,000 ரூபாய்.

இந்தக் கடைசி நிலையில் புதிய டிக்கெட் வாங்கிவிட்டு, பழையதை ரத்து செய்வதே மலிவாக அமையக்கூடும். சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிகளின்படி, ரத்துக் கட்டணம் எக்காரணம் கொண்டும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பயணம் செய்யப்படாத டிக்கெட்டுக்குச் சட்டப்பூர்வ வரிகளையும், பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் போன்ற விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். அடிப்படைக் கட்டணம் திரும்பக் கிடைக்காத சலுகை விலை டிக்கெட்டுகளுக்கும் இது பொருந்தும். பலர் இந்தத் தொகையைக் கேட்டுப் பெறுவதே இல்லை.

டிக்கெட் எடுத்த சிறிது நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யவோ திருத்தவோ விதிகள் வாய்ப்பளிக்கின்றன. எனினும், பயணத் தேதி நெருங்கிய நிலையில் வாங்கும் டிக்கெட்டுகளுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதால், அதே நாள் மாற்றத்துக்கு அது உதவாது.

எப்போது உரிமையாகிறது?

விமானத்தில் ஏற அனுமதி மறுப்பு, ரத்து, தாமதம் ஆகியவற்றுக்காக டிஜிசிஏ 2010-ஆம் ஆண்டு வகுத்து, பின்னர் திருத்திய விதிகளே இங்கு அடிப்படை.

ரத்து: விமானம் ரத்தானால் மாற்று விமானம் அல்லது முழுத் தொகை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பயணிக்கு வழங்க வேண்டும். மாற்றக் கட்டணமோ விலை வேறுபாடோ இங்கு எழக் கூடாது. முறையான முன்னறிவிப்பு இன்றி ரத்து செய்யப்பட்டால் இழப்பீடும் உண்டு. பயண நேரம் ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய் என்பது வரம்பு. ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகையே வழங்கப்படும்.

தாமதம்: உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் நிலையில், 6 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் அல்லது முழுத் தொகை எனப் பயணி தேர்வு செய்யலாம். அதைவிடக் குறைந்த தாமதத்தில், பயண நேரத்தைப் பொறுத்து 2 மணி நேரத் தாமதம் முதல் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டியதுண்டு. ஆனால், வேறு விமானம் கேட்பது அப்போது வேண்டுகோள் மட்டுமே.

ஏற மறுப்பு: இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்கப்பட்டு இடமில்லாமல் போனால், தாமாக விட்டுக்கொடுக்க முன்வருவோரை நிறுவனம் முதலில் கேட்க வேண்டும். விட்டுக்கொடுப்பவர் அதற்கு ஈடான சலுகையைக் கேட்டுப் பெறலாம். விருப்பமின்றி இறக்கப்பட்டவருக்கு, முதல் விமானத்தின் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் தரப்பட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் கட்டணத்தைப் போல் இரு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேலானால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000 ரூபாய். உரிய நேரத்தில் விமான நிலையம் வந்திருந்தால்தான் இந்த உரிமை உண்டு.

விதிவிலக்குகள்

மோசமான வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு இழப்பீடு இல்லை. வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் பனிமூட்டம் இதில் முக்கியமானது. பனிமூட்டத்தால் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் எனக் கருதப்படும் விமானங்களை நிறுவனங்கள் முன்கூட்டியே ரத்து செய்யலாம் என 2024 ஜனவரியில் டிஜிசிஏ வழிகாட்டுதல் வெளியிட்டது. எனவே, பனிக்காலத்தில் தில்லியிலிருந்து முக்கியக் காரியமாகச் செல்வோர் விடியற்காலை விமானத்தைத் தவிர்ப்பது நல்லது.

முன்பதிவின்போது சரியான தொடர்பு விவரங்களைத் தராதவர்களுக்கும் இழப்பீடு மறுக்கப்படலாம். முகவர் மூலம் டிக்கெட் எடுக்கும்போது, பயணியின் கைப்பேசி எண்ணுக்குப் பதில் முகவரின் எண் பதிவாகிவிடுவதுண்டு. அப்படியானால் ரத்து அறிவிப்பும் பயணியை வந்தடையாது.

உரிமை இருந்தும் இருக்கை கிடைக்காத நாள்களும் வரும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது, பிற நிறுவனங்களின் கட்டணம் பன்மடங்கு உயர்ந்து, மத்திய அரசு தூரத்துக்கேற்ப உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. டிக்கெட் தொகை திரும்பக் கிடைத்தாலும் அதைக் கொண்டு அன்றைய தினமே வேறு இடம் வாங்க இயலாத நிலை ஏற்பட்டது. இத்தகைய சூழலில், இடம் உறுதியாகும் வரை பழைய டிக்கெட்டைப் பயணி தாமாக ரத்து செய்துவிடக் கூடாது.

பெட்டியை ஒப்படைத்த பின்

மாற்றம் கேட்கச் சிறந்த நேரம், செக்-இன் செய்து பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்புதான். பயணி ஏறாத விமானத்தில் அவரது பெட்டி மட்டும் செல்லக் கூடாது என்பது பாதுகாப்பின் அடிப்படை விதி. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே வெடித்துச் சிதறி 329 பேர் உயிரிழந்தனர். வெடிகுண்டு இருந்த பெட்டியைப் பதிவு செய்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. அதன் பிறகு இந்தக் கட்டுப்பாடு உலகெங்கும் இறுகியது. எனவே, பெட்டி உள்ளே சென்றுவிட்டால் அதைத் தேடி எடுத்து வேறு விமானத்துக்கு மாற்ற வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் ஊழியர்கள் மறுத்துவிடுவார்கள். கைப்பை மட்டும் வைத்திருப்பவருக்கு வாய்ப்பு அதிகம்.

இணையவழி செக்-இன் செய்திருந்தால் பல நேரங்களில் முதலில் அதை நீக்க வேண்டும். புதிய போர்டிங் பாஸ் பெற்ற பின், டிஜி யாத்ரா பயன்படுத்துவோர் அதையும் செயலியில் மீண்டும் பதிவேற்ற வேண்டும். ஒரே பிஎன்ஆர் எண்ணில் குடும்பத்தினர் பலர் இருந்து ஒருவர் மட்டும் மாறுவதானால், அவரது டிக்கெட்டைத் தனியாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

எந்த விமான நிலையம், எந்த முனையம்?

அதே ஊருக்கான விமானம் என்றாலும் நிலையம் மாறக்கூடும். கோவாவில் டபோலிம், மோபா என இரண்டு விமான நிலையங்கள் உள்ளன. மும்பைப் பகுதியில் நவி மும்பை விமான நிலையமும் 2025 டிசம்பர் முதல் இயங்குகிறது. தில்லியில் முதலாம் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் இடையே சாலை வழியே செல்ல வேண்டும். ஒரு மணி நேரம் முந்தைய விமானத்துக்குப் பணம் செலுத்திவிட்டு முனையம் மாறும் வழியில் அதைத் தவறவிட்டால், இரு டிக்கெட்டுகளும் வீணாகும். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுன்ட்டர் மூடப்படுகிறது.

கேட்கும் முறை

முதலில் நிறுவனத்தின் செயலியில் விமானத்தின் நிலையைப் பார்க்க வேண்டும். நேரம் மாறியிருந்தால், கட்டணமில்லா மாற்றத்துக்கான வாய்ப்பு அங்கேயே தோன்றக்கூடும். இல்லையெனில், விரும்பும் விமானத்தின் எண்ணைக் கண்டறிந்து, அதில் இடம் உள்ளதா எனப் பார்த்த பின் கவுன்ட்டரை அணுகுவது நல்லது. "வேறு விமானம் உண்டா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "பிற்பகல் 2 மணி விமானத்தில் இடம் உள்ளது. அதற்கு மாற்ற எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் பதில் விரைவாகக் கிடைக்கும். மரணம், அவசர சிகிச்சை போன்ற காரணங்கள் இருந்தால் ஆவணத்தைக் காட்டிக் கேட்கலாம். எனினும், கட்டணத்தைத் தளர்த்துவது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

பயணம் இயலாது எனத் தெரிந்தால், விமானம் புறப்படும் முன்பே மாற்றவோ ரத்து செய்யவோ வேண்டும். சொல்லாமல் வராமல் இருந்தால் டிக்கெட்டின் மதிப்பு பெரும்பாலும் போய்விடும். ஒரே பிஎன்ஆரில் உள்ள அடுத்த கட்டப் பயணமும் ரத்தாக நேரிடலாம்.

உரிமை மறுக்கப்பட்டால் விமான எண், நேரம், வந்த குறுஞ்செய்தி, கொடுத்த பதில் ஆகியவற்றைக் குறித்துவைத்து, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். அங்கு தீர்வு கிடைக்காவிட்டால், மத்திய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலோ செயலியிலோ புகார் அளிக்கலாம். நுகர்வோர் ஆணையத்தை அணுகவும் வழி உண்டு. விமானம் ரத்தானதையோ தாமதமானதையோ எழுத்து மூலம் உறுதிப்படுத்துமாறு கவுன்ட்டரிலேயே கேட்டுப் பெறுவது பின்னர் சான்றாக உதவும்.