விளக்கப்பட அலமாரியில் ஒளிந்த விண்வெளி: பாவெல் குளுஷான்சேவின் திரைப்பணி குறித்து

விண்வெளிப் படங்களின் வரலாற்றை எழுதுவோர் பலர் 1968இல் வெளியான ஸ்டான்லி கூப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யை எல்லைக்கல்லாக நட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்பு விண்வெளியைத் திரையில் நம்பும்படி காட்டியவர் யாருமில்லை என்ற எண்ணம் இதனால் வேரூன்றிவிட்டது. ஆனால் ‘2001’க்குப் பதினோராண்டு முன்பே, 1957இல், லெனின்கிராடின் அறிவியல் பரப்புப் படநிலையத்தில் பாவெல் குளுஷான்சேவ் ‘விண்மீன்களுக்கான பாதை’யை முடித்துவிட்டார். இந்தப் படம் விடுபட்டுப்போனதற்குத் தரக்குறைவு காரணமல்ல. கதைப்படம், விளக்கப்படம் என்று திரைப்பட வரலாறு போட்ட வேலியே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

படம் த்சியல்கோவ்ஸ்கியின் ராக்கெட் கோட்பாட்டை விளக்குவதில் தொடங்கி, மனிதரின் விண்பயணம், சுழலும் விண்நிலையம், நிலவில் இறங்குதல் என்று எதிர்காலத்துக்குள் நடந்துவிடுகிறது. ராக்கெட் பொறியாளர் மிகயீல் திகன்ராவவ் ஆலோசகராக இருந்தார். ககாரின் விண்ணேற இன்னும் நான்காண்டு இருந்த காலம் அது. ஆக, படத்தின் பிற்பகுதி முழுவதும் புனைவுதான். ஆனால் கணக்குப் பார்த்துச் செய்த புனைவு.

எடையின்மையை குளுஷான்சேவ் காட்டிய விதம் தனியே கவனிக்கத் தக்கது. பக்கவாட்டிலிருந்து படம்பிடித்தால் நடிகரைத் தாங்கும் கம்பி தெரிந்துவிடும். குளுஷான்சேவ் நடிகரை உச்சியிலிருந்து தொங்கவிட்டு, கேமராவை அவருக்கு நேர்க்கீழே வைத்து மேல்நோக்கிப் பார்க்கச் செய்தார். நடிகரின் உடலே கம்பியை மறைத்துவிட்டது. கலத்தின் உட்புறத்துக்குச் சுழலும் அரங்கு ஒன்றைக் கட்டி, கேமராவையும் அதனோடு சேர்த்துச் சுழலவிட்டார். பார்ப்பவருக்கு அறை அசையாமல் இருக்கும். மனிதர் மட்டும் சுவரேறி நடப்பார்.

கூப்ரிக்கின் குழுவும் விண்நடைக் காட்சிகளில் கம்பியைக் கீழிருந்தே மறைத்தது. சுழலும் பேரரங்கும் கட்டியது. இதை வைத்து ‘நகல்’ என்று தீர்ப்பெழுதுவோரோடு நான் உடன்படவில்லை. சுழலும் நிலையத்தின் கருத்து இருவருக்கும் முன்பே புழங்கியது. ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரவுனின் சக்கர வடிவ நிலையம் 1952இலேயே அமெரிக்க இதழ்களில் வந்துவிட்டது. ஒரே இயற்பியல் சிக்கல் இருவரையும் ஒரே தீர்வில் கொண்டு நிறுத்தியிருக்கக்கூடும். ஒப்புமையைச் சான்றாகக் கொள்ளும் பழக்கம் நம் ஆய்வுகளைக் கெடுக்கிறது.

ஐயத்துக்கு இடமில்லாத தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக ரோமன் க்ரோய்ட்டரும் காலின் லோவும் 1960இல் எடுத்த ‘யுனிவர்ஸ்’ கூப்ரிக்கை ஆட்கொண்டது. அதில் பணியாற்றிய வாலி ஜென்டில்மேனைத் தன் படத்தின் தொடக்கப் பணிகளுக்கு அழைத்தார். ‘யுனிவர்ஸ்’க்குப் பின்னணிக் குரல் கொடுத்த டக்ளஸ் ரெய்ன்தான் பிறகு ‘2001’இல் வரும் ‘ஹால்’ கணினியின் குரலானார். ‘யுனிவர்ஸ்’ படமும் விளக்கப்படமே. ‘2001’இன் முன்னோரைக் கதைப்படங்களுக்குள் மட்டும் தேடினால் அவர்கள் அகப்படமாட்டார்கள்.

குளுஷான்சேவின் தாக்கம் சான்றோடு பதிவாகியிருப்பது அவர் 1962இல் எடுத்த ‘புயல்களின் கோள்’ என்ற கதைப்படத்தில். வெள்ளிக் கோளில் இறங்கும் குழுவும் அதன் ராட்சத ரோபோவும் கொண்ட இதை அமெரிக்கத் தயாரிப்பாளர் ராஜர் கோர்மன் வாங்கி, புதுக் காட்சிகளைச் சேர்த்து இரண்டு அமெரிக்கப் படங்களாக்கினார். 1965இல் வந்ததை கர்ட்டிஸ் ஹாரிங்டன் ஜான் செபாஸ்டியன் என்ற பெயரிலும், 1968இல் வந்ததைப் பீட்டர் போக்டனோவிச் டெரெக் தாமஸ் என்ற பெயரிலும் இயக்கினர். அமெரிக்கப் பார்வையாளர் குளுஷான்சேவின் மூடுபனியையும் ரோபோவையும் பார்த்தார்கள், உருவாக்கியவரை அறியவில்லை. இது எனக்கு வெறும் பதிப்புரிமைச் செய்தியாகப் படவில்லை. ஒரு கலைஞரின் உழைப்பு பரவியும் அவர் பெயர் பரவாமல் போன அநீதி இது.

அவரை மீட்டெடுப்பதில் முன்நின்றவர் ஒரு தொழிற்கலைஞர். ‘ஏலியன்ஸ்’, ‘டெர்மினேட்டர் 2’ படங்களின் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பெற்ற ராபர்ட் ஸ்கோடாக், அவரைத் தேடி ரஷ்யாவுக்கே போனார். 1999இல் குளுஷான்சேவ் மறைந்தார். அவர் எடுத்த ‘நிலவு’ (1965), ‘செவ்வாய்’ (1968) ஆகியவை இன்றும் பெரும்பாலும் விளக்கப்படப் பட்டியல்களிலேயே கிடக்கின்றன. விண்வெளிப் புனைவின் வரலாற்றை எழுத முனைபவர் முதலில் புரட்ட வேண்டியவை அந்தப் பட்டியல்களே.