லெனி ரீபென்ஸ்டாலின் 'டீஃப்லாந்து': பிரிக்கவியலாக் கலை

படைப்பைப் படைத்தவரிடமிருந்து பிரித்து மதிப்பிடலாம் என்னும் வாதம், ஜெர்மானிய இயக்குநர் லெனி ரீபென்ஸ்டால் குறித்து அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. நாஜிக் கட்சி மாநாட்டைப் போற்றும் 'மனவுறுதியின் வெற்றி' (1935) படத்தில் பரப்புரையே பொருளாதலால், அவ்வாதம் எளிதில் தளர்கிறது. 1940இல் படப்பிடிப்புத் தொடங்கி 1954இல் வெளிவந்த 'டீஃப்லாந்து' படமோ அரசியல் சாராத கதையாகவே தோன்றுகிறது. எனவே இதுவே கடினமான சோதனை.

சால்ஸ்பர்க் அருகிலுள்ள மாக்ஸ்கிளான், பெர்லினின் மார்ட்சான் ஆகிய முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த சிந்தி, ரோமா மக்கள் இப்படத்தில் துணைநடிகர்களாக்கப்பட்டனர். அவர்களுள் பலர் பின்னர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டனர். போருக்குப்பின் அனைவரையும் நலமாகக் கண்டதாக 2002இல் கூறிய ரீபென்ஸ்டால், சட்ட நடவடிக்கை எழுந்ததும் அக்கூற்றைத் திரும்பப் பெற்றார்.

ஆதலின் குற்றம் படச்சட்டகத்திற்குள்ளேயே அவர்தம் முகங்களாகப் பதிந்துள்ளது. படத்தை ஒதுக்கினால் அம்முகங்களும் மறையும். முகாம் ஆவணங்களோடு ஒருங்குவைத்துக் காண்பதே வரலாற்றாய்வின் கடன்.