மானிட்டரில் வந்த டி.வி.

எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பழைய 15 இன்ச் கம்ப்யூட்டர் மானிட்டர் கிடக்கிறது. பின்பக்கம் புடைத்துக்கொண்டு, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் அந்தக் கால ரகம். பழைய சாமான்காரர் குரல் கேட்கும்போதெல்லாம் வீட்டில், "இதையும் போட்டுடலாங்க" என்பார்கள். நான் இன்னும் போடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2004-ஆம் வருடம். மகன் படிப்பு முடித்து வேலைக்கு வெளியூர் போய்விட்டான். அவன் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் துணி போர்த்தி மூலையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து டி.வி.யில் பிக்சர் டியூப் போய்விட்டது. ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் இரண்டு வாரம் என்றார்கள். இரண்டு மாதம் ஆகியும் வந்தபாடில்லை. சென்னைக்குப் போயிருந்தபோது ரிச்சி தெருவில் விசாரித்தேன். கடைக்காரப் பையன் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியைக் கொடுத்து, "சார், இத மானிட்டர்ல மாட்டுங்க, டி.வி. வரும்" என்றான். அதற்குப் பெயர் டி.வி. டியூனர் பெட்டி.

ஊருக்கு வந்து மாட்டினேன். கேபிள்காரர் இழுத்துவிட்ட ஒயர் ஒரு பக்கம், மானிட்டர் ஒயர் மறுபக்கம், பேச்சு கேட்கத் தனியாக ஸ்பீக்கர். கம்ப்யூட்டரை ஆன் செய்யவே வேண்டாம். ரிமோட்டை அமுக்கியதும் படம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள்.

ஒயரை நேராக மானிட்டரில் சொருகினால் போதாதா, எதற்கு நடுவில் ஒரு பெட்டி என்று கேட்கலாம். நம் நாட்டு டி.வி. படம் 625 கோடுகள் கொண்டது. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி, விநாடிக்கு 15,625 கோடுகள் வரையப்படும். கம்ப்யூட்டர் மானிட்டரோ விநாடிக்கு 31,000-க்கும் மேல் வரைகிற வேகத்தில் ஓடுவது. அதற்குக் கீழே அதற்கு ஓடத் தெரியாது. மெதுவாக வரும் படத்தை வாங்கி, வேகத்தைக் கூட்டி மானிட்டருக்குக் கொடுப்பதுதான் பெட்டியின் வேலை.

வேகம் வேறே தவிர, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். இரண்டுக்கும் தாய் கேத்தோடு கதிர்க்குழாய். 1982-இல் இங்கிலாந்தில் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற சின்னக் கம்ப்யூட்டருக்கு மானிட்டரே கிடையாது. வீட்டு டி.வி.யில்தான் மாட்ட வேண்டும். அன்று டி.வி. கொடுத்த கடனை, எங்கள் வீட்டில் மானிட்டர் திருப்பிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1950 ஜனவரியில் சென்னை தேனாம்பேட்டையில் நடந்த பொருட்காட்சியில், மின் பொறியியல் மாணவர் பி.சிவகுமரன் தொலைக்காட்சியைச் செய்து காட்டினார். அவர் காட்டியது சினிமாவோ பாட்டோ இல்லை. ஒரு கடிதம். அதன் உருவம் கதிர்க்குழாய்த் திரையில் தெரிந்தது. டில்லியில் அரசு டி.வி. தொடங்கியது 1959 செப்டம்பர் 15-இல்தான். சென்னை நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். அது வந்தும் எலவனாசூர்கோட்டைக்கு என்ன பயன்? சென்னையிலிருந்து நாம் 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறோம். கோபுரத்து அலை அவ்வளவு தூரம் எட்டாது. 1984 நவம்பர் 3-ஆம் தேதி இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தை நான் பார்த்தது சென்னையில், நண்பர் வீட்டு வாசல்படியில் நின்றுகொண்டு. டில்லியில் நடப்பதை நடக்கும்போதே பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

இனி மானிட்டர் கதைக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29-க்கு சுமத்ரா பக்கம் கடலடியில் பூகம்பம். 9 மணி வாக்கில் நம் கரையில் அலை ஏறிவிட்டது. நாங்கள் செய்தி பார்க்கும்போது கடலூர், நாகப்பட்டினம் என்று ஊர்ப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'சுனாமி' என்ற சொல்லையே அன்றுதான் கேட்டேன். என் தங்கை வீடு கடலூரில். மாப்பிள்ளை ஞாயிறு தவறாமல் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கப் போகிறவர்.

போன் போட்டால் எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. டி.வி. என்பது எட்ட உட்கார்ந்து பார்க்கிற பொருள். மானிட்டர் கிட்ட உட்கார்ந்து பார்க்கிற பொருள். அன்று நான் அதற்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். மூக்கு கண்ணாடியில் இடித்தது. கிட்டப் போனால் முகம் போய்விடும், வெறும் சிவப்பு பச்சை நீலப் புள்ளிதான் மிஞ்சும். பின்னால் நகர்ந்தால் மறுபடி முகம் வரும். நாலு மணி நேரம் அப்படி.

மதியம் இரண்டு மணிக்கு மேல் தங்கையே கூப்பிட்டாள். மாப்பிள்ளை அன்றைக்குச் சீக்கிரமே போய்விட்டு ஏழரைக்கெல்லாம் திரும்பிவிட்டாராம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் தேடாத முகங்கள் எத்தனை அந்தத் திரையில் வந்து போயிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

இப்போது மகன் வாங்கிக் கொடுத்த தட்டை மானிட்டர். லேப்டாப்பை அதில் இணைத்து இன்டர்நெட்டில் டி.வி. பார்க்கிறோம். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் ஒன்று, முன்பைவிடத் தாமதம். செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் அலை ஏறி இறங்கக் கால் விநாடிதான். இன்டர்நெட்டில் படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, அனுப்பி, சேர்த்து வைத்துக் காட்டுகிறார்கள். அதில் அரை நிமிடம்கூடப் போய்விடும்.

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை அப்படித்தான் பார்த்தோம். இஸ்ரோவின் யூடியூப் நேரலையை மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்களாம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். 2019 நவம்பர் வரை நாமும் விழுப்புரம் மாவட்டம்தானே, அதனால் நம்ம பிள்ளை என்றே வைத்துக்கொண்டேன். எங்கள் திரையில் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டில் கைதட்டல் கேட்டது. கையிலிருந்த போன் அடித்தது. கடலூரிலிருந்து தங்கை.

"அண்ணே, பாத்தியா? எறங்கிடுச்சி!"

இன்னும் இறங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "பாத்தேம்மா" என்றேன்.